கோலப்பன் வைக்கும் மூன்று நாள் கெடு

குடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கோலப்பன் நான்கடி பின்னால் போய் நின்றுகொள்வார். மூன்றாக மடக்க முடியாத பழைய நீளக் குடை, வளைந்த மரப்பிடி. "பந்து முன்னால கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வீசு வீசுங்க மேடம்" என்பார். கழக்கூட்டத்து மென்பொருள் கம்பெனியிலிருந்து கோல்ஃப் கற்றுக்கொள்ள வந்திருக்கும் அஞ்சு, யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வீசுகிறாள். குடை பாதி வழியில் படக்கென்று விரிந்து அவள் முகத்தை மூடுகிறது.

அந்தக் குடையின் கொக்கி தேய்ந்தது. வெட்டி இழுத்தால் விரிந்துவிடும், சீராக வீசினால் விரியாது. மட்டை விற்கிற கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் திரையும் கேமராவும் வைத்துப் பார்க்கிற சோதனையை எங்கள் ஊரில் ஒருவர் பழைய குடையை வைத்துப் பார்த்துவிடுகிறார். குடை முடிந்ததும் கயிறு வரும். முடிச்சுப் போட்ட தேங்காய்நார்க் கயிறு. மணிக்கட்டிலிருந்து தரைக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணி மட்டையின் நீளத்தைக் குறித்துக்கொண்டு அஞ்சுவைப் பார்த்து, "ஏழு மட்டை போதும். முழு செட்டு பதினாலும் வாங்கினா பதினாலு விதமாத் தப்பாப் போவும்" என்கிறார்.

"பெரிய மட்டை வேண்டே சேட்டா?" அவளுக்கு அதில்தான் கண். நெடுந்தூரம் அடிக்கிற, தலை பெருத்த அந்த மட்டையில்தான் எல்லாருக்கும் கண்.

"இப்ப வேண்டாம். ஆறு மாசம் கழிச்சும் ஆசை தீரலைன்னா பாப்போம். அதுவரைக்கும் இந்த ஏழாம் நம்பரை வச்சுப் பழகுங்க. நம்பர் கொறஞ்ச இரும்பு மட்டையெல்லாம் புதுசா வாறவங்களை அழ வைக்கும்."

புதிய செட் ஒன்று வாங்குகிற காசுக்கு ஓடுகிற ஸ்கூட்டர் ஒன்று வாங்கிவிடலாம். கோலப்பனிடம் வாங்கினால் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிற செலவுதான். அப்படியானால் அவருக்கு எங்கிருந்து வருகிறது மட்டை? அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொன்னால் வெட்கம், அந்த மட்டைகளில் பாதி என்னைப் போன்றவர்களின் கோபத்திலிருந்து வருகிறது.

கோலப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. பூதப்பாண்டிக்காரர். தம்பானூரில் ஓட்டல் வேலைக்கு வந்து, அங்கே பிடிக்காமல், இந்த ஒன்பது குழி மைதானத்தில் மெம்பர்களுக்கு மட்டைப் பை தூக்க வந்து இருபத்தாறு வருஷமாகிறது. குடியிருப்பு கரமனையில். முட்டிக்குக் கீழே தொங்கும் அரைக்கால் சட்டை, கழுத்தைச் சுற்றித் தோர்த்துத் துண்டு. பந்து எங்கே விழுந்தது என்று அவர் தேடி நான் பார்த்ததில்லை, நேராகப் போய் அதன் பக்கத்தில் நிற்பார். நாம் புதருக்குள் தலையை விட்டுப் புலம்பிக்கொண்டிருந்தால், "பந்து எங்கயும் போவாது சாரே, நாமதான் வேற எடத்துல தேடுதோம்" என்று இருபதடி தள்ளியிருந்து குரல் வரும்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்கு இந்த ஆட்டத்தின் எரிச்சல் புரியாது. பந்து அசையாமல் கிடக்கிறது. யாரும் உங்களைத் தடுக்கவில்லை. ஆனாலும் அடித்த பந்து பலாமரத்தில் பட்டு உங்கள் காலடிக்கே திரும்பி வந்து நிற்கும். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் எத்தனையோ பேரின் வாயில் விழுந்து எழுந்தவன், அங்கெல்லாம் பொறுமைக்குப் பெயர் வாங்கியவன். இங்கே வந்தால் நாசமாய்ப் போன பந்து ஒன்று என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிடும். மட்டையைத் தூக்கி எறிந்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

மெம்பருக்குக் கோபம் வந்ததும் கோலப்பன் அடுத்த மட்டையைத் தரமாட்டார். இடுப்பில் கட்டியிருக்கிற மண்பையைத் தருவார். அடித்த வேகத்தில் புல் பெயர்ந்த இடத்தில் மண்ணைப் போட்டு மிதித்துச் சமமாக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். அது பை தூக்குகிறவரின் வேலை என்று பெரிய மனிதர்கள் முறைப்பார்கள். இவர் கை நீட்டியபடியே நிற்பார். "கோவம் குனிஞ்சா எறங்கிரும் சாரே." குனிந்தவர்களில் பலருக்கு இறங்கியும் இருக்கிறது. எனக்கு இறங்காத மூன்று தடவைதான் மட்டை பறந்தது.

பறந்த மட்டையைக் கோலப்பன் உடனே எடுத்துக்கொண்டு ஓடிவர மாட்டார். மாலையில் ஆள் போன பிறகு எடுத்து, சேறு துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டித் தன் தகரப்பெட்டிக்குள் வைப்பார். மூன்று நாள் கெடு. அதற்குள் உடையவர் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார். வராவிட்டால் வளைந்ததை நிமிர்த்தி, பிடியை மாற்றிப் புதியவர்களிடம் சேர்த்துவிடுவார். ஏன் தேடிப் போய்க் கொடுப்பதில்லை என்று கேட்டேன். "தேடிப் போய்க் குடுத்தா புத்தி சொன்ன மாதிரி ஆயிரும். அவங்களா வரணும்" என்றார்.

முதல்முறை எறிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். போகிற வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். "ஒரு மட்டையை எங்கேயோ வச்சு மறந்துட்டேன் போல இருக்கு கோலப்பா." என் முகத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. பொட்டலத்தை எடுத்து நீட்டி, "மறதிதானே சாரே, யாருக்கும் வரும்" என்றார். ஆடிட்டர், டாக்டர், கப்பல் கம்பெனிக்காரர் எல்லாருக்கும் இதே வாசகம்தான். எங்கள் மைதானத்தில் கோபக்காரர்களே கிடையாது, மறதிக்காரர்கள்தான்.

எனக்கு மட்டும் அவர் குடை கொடுத்ததேயில்லை. மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த பதினாலு மட்டையும் பளபளக்க நான் மைதானத்துக்கு வந்தவன். கேட்காதவனுக்கு அவர் எதையும் சொல்வதில்லை. "நல்ல சாமானாக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த மட்டைகள் எனக்கு இரண்டு விரற்கடை நீளம் என்று நானே கண்டுபிடிக்க நாலு வருஷமாயிற்று.

கோலப்பனும் ஆடுவார். திங்கட்கிழமை மெம்பர்களுக்கு விடுமுறை, அன்று பை தூக்குகிறவர்கள் ஆடிக்கொள்ளலாம். அவருக்கு நொட்டாங்கை. சோறும் கையெழுத்தும் வலது கைக்குப் போய்விட்டன, அம்மா சூடு போடுவேன் என்று மிரட்டி மாற்றிய பழக்கம். மட்டையை எடுத்தால் மட்டும் இடப்பக்கம் திரும்பி நிற்பார். இடக்கைக்காரர் மட்டை புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, பழையது கிடைக்கவே கிடைக்காது. இடக்கை மெம்பர் யாராவது கோபப்பட்டு எறிந்து, மூன்று நாள் திரும்பி வராமல் இருந்தால்தான் உண்டு. "வலங்கைக்காரன் மாசம் ஒருத்தன் எறியுதான். இந்த நொட்டாங்கைக்காரனுவளுக்குக் கோவமே வராதா சாரே?" என்று அவர் ஒருநாள் கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆறு மட்டை சேர ஒன்பது வருஷம். ஏழாவது, பந்தைக் குழிக்குள் உருட்டுகிற மட்டை. பட்டர் என்று பெயர், கோலப்பன் 'உருட்டுறது' என்பார். பித்தளைத் தலை, இரண்டு பக்கமும் ஒரே முகம், எந்தக் கைக்கும் சேரும். ஊரை விட்டுப் போன ஒரு டாக்டர் கொடுத்தது. அதை அவர் தோளில் போடுகிற பையில் வைப்பதில்லை, கையில்தான் கொண்டுவருவார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு சலுகை உண்டு. பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டால் அதையும் அடித்துத்தான் முடிக்க வேண்டுமென்பதில்லை. ஒரு அடி என்று கணக்கு வைத்துக்கொண்டு, "எடுத்துரு கோலப்பா" என்று சொல்லிவிட்டு மெம்பர் நடந்துவிடுவார். கோலப்பன் குனிந்து எடுத்து, தோர்த்தில் துடைத்துக் கையில் கொடுப்பார். ஒரு காலை நேரத்தில் இந்த 'எடுத்துரு' நாற்பது தடவையாவது காதில் விழும். போட்டி என்றால் சலுகை கிடையாது. கடைசி விரற்கடை தூரத்தையும் அடித்துத்தான் முடிக்க வேண்டும். அடையாளம் வைக்காமல் பந்தைக் கையில் எடுத்தால் ஒரு அடி தண்டம்.

வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை எங்கள் மைதானம் தலைகீழாகும். அன்று பை தூக்குகிறவர்களுக்குப் போட்டி, மெம்பர்கள் அவர்களுக்குப் பை தூக்க வேண்டும். கோப்பையும் உண்டு, வேட்டியும் உண்டு. ஆனால் கோலப்பனுக்கு வேண்டியது வேறு. ஜெயித்தவர் ஒரு வருஷம் எந்த நாளும் மெம்பரைப் போல ஆடலாம். "ஞாயித்துக்கெழம காலம்பற ஆறரைக்கு, தோள்ல பை இல்லாம, கையை வீசிக்கிட்டு மொதல் குழியில போயி நிக்கணும் சாரே. ஒரு வருசம் கூட வேண்டாம், ஒரு ஞாயிறு போதும்." நாலு தடவை இரண்டாவதாக வந்தவர் அவர். இந்த வருஷம் அவர் பையை நான்தான் தூக்குவேன் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போட்டியன்று துலாமாசத்து மழை காலையில் வழிவிட்டது. போன வருஷம் ஜெயித்த உச்சிமாகாளி முன் குழுவில் போனார். வள்ளியூர்க்காரர், கோலப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர், அடித்தால் பந்து ஊர் எல்லைக்குப் போகும். கோலப்பன் பந்து அப்படிப் போகாது. ஆனால் நினைத்த இடத்தில் போய் உட்காரும். நாலாவது குழியில் நல்ல அடி ஒன்று தென்னையில் பட்டு, பின்னால் வந்து பள்ளத்தில் விழுந்தது. அவருக்கு வரவேண்டிய கோபமெல்லாம் எனக்கு வந்தது. அந்தத் தென்னையை நட்டவன் குடும்பத்தையே திட்டினேன். கோலப்பன் இடுப்பிலிருந்து மண்பையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "நீங்க கொஞ்சம் மண்ணைப் போடுங்க சாரே." போட்டேன். அவர் பள்ளத்திலிருந்து பந்தை மட்டையால் அழகாகத் தூக்கிப் போட்டார்.

ஒன்பதாவது குழிக்கு வரும்போது விஷயம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உச்சிமாகாளி முப்பத்தொன்பது அடியில் முடித்துவிட்டுப் புல்தரையின் கரையில் நின்றிருந்தார். குறைந்த அடிக்காரருக்குப் பட்டம், சமமானால் போன வருஷம் ஜெயித்தவரிடமே இருக்கும், அது விதி. கோலப்பன் முப்பத்தெட்டில் முடித்தாக வேண்டும். அதற்கு இரண்டே உருட்டு மிச்சம், குழியோ மேட்டின் மறுபக்கம், பத்து காலடித் தூரம். பித்தளைத் தலையைப் பந்துக்குப் பின்னால் வைத்து, மூச்சை விட்டு, உருட்டினார். பந்து மேட்டில் ஏறி, யோசித்து, இறங்கி, வளைந்து, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சின்னக் குழந்தை தட்டினாலும் விழும். ஜெயித்தாயிற்று!

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையை உயர்த்திக் கத்தினேன். "எடுத்துரு கோலப்பா!"

அவர் குனிந்தார். பந்தை எடுத்தார். தோர்த்தில் துடைத்தார். துடைத்த பந்தை என் பக்கம் நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. என் வாய் திறந்தது திறந்தபடி. எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

முதலில் பேசியது உச்சிமாகாளிதான். "அண்ணாச்சி, நான் ஒண்ணும் பாக்கல. கீழ வச்சிட்டு அடிங்க."

"நான் பாத்தேன்லே மக்கா" என்றார் கோலப்பன். அட்டையில் கணக்கெழுதுகிற யூசுப் பக்கம் திரும்பி, "எடுத்துட்டேன் இக்கா. ஒரு அடி கூட்டி எழுதுங்க" என்றார். பந்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். தட்டினார். விழுந்தது. முப்பத்தொன்பது. உச்சிமாகாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, எல்லாரோடும் நின்று பழம்பொரி தின்று சாயா குடித்தார். கோப்பை கொடுக்கும்போது கைதட்டினார். அந்தக் கைதட்டலை என்னால் பார்க்க முடியவில்லை.

குழாயடியில் பட்டரைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "கோலப்பா, தப்பு என்னோடதுடா. என் நாக்கை அறுத்துப் போடணும்."

"வாய் உங்களுக்கது சாரே, குனிஞ்சது நானாக்கும்." கழுவின இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். "இருவத்தாறு வருசம். யாரு எடுன்னு சொன்னாலும் ஒடம்பு குனியுது, இது எனக்க ஆட்டம்னு அதுக்குத் தெரியல. அதாக்கும் தாங்க முடியல." பிறகு பட்டரைத் தோர்த்தில் துடைத்து, பிடிப்பக்கம் என்னை நோக்கித் திருப்பி நீட்டினார். "மூணு நாள் வச்சிருங்க. இப்ப எனக்க கையில இருந்தா செரியாவாது."

எறியவில்லை, மனிதர். எறிகிறவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்.

வலியசாலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் சுற்றுகிற மாதிரியே செய்தித்தாளில் சுற்றிக் கயிறு கட்டி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்தேன். மனைவி பாகீரதி பார்த்துவிட்டாள். "இது யாரோடது? உங்களோடதா இருந்தா முழுசா இருக்காதே." சொன்னேன். கேட்டுவிட்டுப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள். "நாமளே போய்க் கொடுத்துட்டு வரப்படாதோ? கரமனை என்ன தூரமா?"

"கூடாது. அவராத்தான் வரணும்."

செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமை மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். தகரப்பெட்டி பூட்டியிருந்தது. கோலப்பன் வேலைக்கு வராத நாள் என்று ஒன்று இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. "அண்ணாச்சி ஊருக்குப் போயிருக்காராம் சார். எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றார் உச்சிமாகாளி. அவர் முகமும் ஜெயித்தவன் முகமாக இல்லை. நான் வீட்டுக்கு வந்து நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமையும் போய்விட்டால், அவருடைய விதிப்படி இந்தப் பித்தளை மட்டை யாரோ ஒரு புதியவருக்கு. அதற்கப்புறம் அவர் அடுத்தவர் பையை மட்டும்தான் தூக்குவார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ராத்திரி தூக்கமில்லை.

வியாழன் காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவில் பால் பாக்கெட் போடுகிறவன் போன பின்னால், அந்த நீளக் குடை தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டேன். என் வயதில் அப்படி மனசு அடித்துக்கொள்ளக் கூடாது. அடித்துக்கொண்டது.

வாசற்படிக்குக் கீழே வந்து நின்றார். எதிர்வீட்டு ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாரே, உருட்டுறது ஒண்ணை இங்க எங்கயோ வச்சு மறந்துட்டேன் போல."

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "மறதிதானே, யாருக்கும் வரும்."

வாங்கிக்கொண்டு, கட்டியிருந்த கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். "கட்டு செரியில்ல" என்றார். செய்தித்தாளைப் பிரித்துப் பித்தளைத் தலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அடுத்த வருசமும் பை தூக்க வருவீங்கல்லா?"

"நானா? என்னையா கூப்பிடறே?"

"வாயைக் கட்டுனா வரலாம். ஆனா மொதல்ல இதைப் பாக்கணும்." குடையைச் சுருக்கினார். தண்ணீரை உதறினார். பிடிப்பக்கம் என்னை நோக்கித் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு, தூறலில் நான்கடி பின்னால் போய் நின்றுகொண்டார்.